பின் ஸ்பீக்கர் ஊமையாகக் கிடக்கிறது, போர்ட் பழுதா?

கோண்டாவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணை, ரவுனில் 5.1 போர்ட் ஒன்று வாங்கிப் பூட்டினேன். முன்னுக்கு இரண்டு, நடுவில் ஒன்று, பின்னுக்கு இரண்டு, சப் ஒன்று. புதுப்பாட்டுப் போட்டால் பின்னுக்கு நல்லாக் கேட்குது. அப்பா தன்ரை அறுபதாம் ஆண்டுப் பாட்டுகளைப் போட்டால் பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமை. காதைக் கொண்டுபோய் வைத்தால் மெல்லிய இரைச்சல் மட்டும்தான். கடைக்காரர் மாற்றித் தரமாட்டாராம். போர்ட் பழுதுதானே?"

2024 யூன் 8, இரவு 9.40

பழுதில்லை. கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

ஹெட்போன் ஜாக்கைப் பாதி செருகி வைத்துப் பாட்டுக் கேட்டிருப்பீர். பாடுகிறவரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் போய்விடும், வயலினும் கோரசும் மட்டும் கேட்கும். ஏன்? ஜாக்கின் பொதுக் கம்பி தொடவில்லை. அப்போது இரண்டு காதும் தொடராகி, இடது சிக்னலுக்கும் வலது சிக்னலுக்கும் இடையில் தொங்குகின்றன. இரண்டிலும் ஒரே அளவாக இருக்கிற எதுவும் ஒன்றை ஒன்று வெட்டிவிடும். குரலை வழக்கமாக நடுவில், அதாவது இரண்டு பக்கமும் சமனாக வைப்பார்கள். அதனால்தான் முதலில் குரல் போகிறது.

உம்முடைய போர்ட்டின் பின் ஸ்பீக்கருக்குப் போவதும் அதேதான்: இடதிலிருந்து வலதைக் கழித்த மிச்சம். அப்பாவின் பாட்டு மோனோ. இரண்டு பக்கமும் ஒன்றே. ஒன்றிலிருந்து ஒன்று போனால் என்ன மிச்சம்?

யூன் 8, இரவு 11.15

நித்திரை வரவில்லை. மேலே எழுதியதைச் சோதிக்க ஒரு வழி: அப்பாவின் பாட்டு ஓடும்போது போர்ட்டுக்கு வரும் இரண்டு ஆர்.சி.ஏ. வயரில் ஒன்றைக் கழற்றும். பின் ஸ்பீக்கர் உடனே பாடவேண்டும். பாடாவிட்டால் நான் சொன்னது பிழை, கடைக்காரரிடம் போகலாம்.

யூன் 9

"பாடுது அண்ணை" என்று காலையிலேயே பதில் வந்துவிட்டது. சரி.

இந்தக் கழித்தல் வேலைக்கு போர்ட்டே தேவையில்லை என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். உண்மை. டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கர் பெயரில் அறியப்படும் இணைப்பு அது. ஸ்ரீரியோ அம்பின் இரண்டு சிவப்பு முனைகளுக்கும் நடுவில் மூன்றாவது ஸ்பீக்கரைக் கட்டினால் முடிந்தது. ஐ.சி. இல்லை, தனிச் சப்ளை இல்லை.

எங்கள் குஞ்சியப்பாவுக்கு ஹாஃப்லரைத் தெரியாது. அவர் அதைக் கண்டது ஒரு பழுதில். 1990 இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபோது எனக்கு எட்டு வயது. பற்றறி உள்ளே வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவின் 6 வோல்ற்றை நாலு டயோட்டுக்குள்ளால் விட்டு, ஒரு கொண்டன்சரும் போட்டு, அதில்தான் ரேப் ஓடியது. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை அலுத்தால் பாட்டுக்காரருக்கும் அலுத்துவிடும், குரல் இழுபடும். ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை நேரத்தில் அலுக்கக்கூடாது, பெரியவர்கள் விடமாட்டார்கள். ஈயம் பற்றவைப்பதற்குச் செம்புக் கோலைச் சிரட்டைக் கரியில் சூடாக்குவார் குஞ்சியப்பா. பழைய போர்ட்டில் கழற்றிய ஈயத்தையே திரும்பவும் உருக்குவார்.

கரண்ட் திரும்பி வந்த பிறகு ஒருநாள் அவருடைய ஸ்ரீரியோவில் குரல் காணாமல் போனது. கசெட்டை மாற்றினார், ஹெட்டைத் துடைத்தார், அன்று முழுக்க ஏச்சு. கடைசியில் பார்த்தால் இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு வயர்களையும் சேர்த்து அம்புக்குக் கொண்டுபோன ஒற்றை வயரை எலி கடித்திருக்கிறது. திருத்தினார். திருத்திவிட்டு, எலி செய்ததை ஒரு மூன்றாவது ஸ்பீக்கரில் வேண்டுமென்றே செய்தார். அந்த ஸ்பீக்கரைத் தண்ணீர்ப் பானையின் வாயில் கவிழ்த்து அறையின் பின்மூலையில் வைத்தார். பானை இருந்ததால் பேஸ் வரும் என்பது அவர் எண்ணம். ஆனால் பேஸும் நடுவில்தானே இருக்கும், கழிபட்டுப் போய்விட்டது. பானை சும்மா இருந்தது.

யூன் 12

இரண்டு எச்சரிக்கை, யாரோ இன்றிரவே கட்டப்போகிறார்கள் என்று தெரிகிறது.

ஒன்று, சுமை. முன் ஸ்பீக்கர் 8 ஓம், பின்னதும் 8 ஓம் என்றால், இடதும் வலதும் எதிரெதிராக ஆடும் கணத்தில் பின் ஸ்பீக்கருக்கு இரட்டை வோல்ற் விழும். அந்த நேரம் ஒவ்வொரு பக்கத்துக்கும் அது 4 ஓம் மாதிரித் தெரியும். எட்டோடு சமாந்தரமாக 4: மொத்தம் 2.7 ஓம். சின்ன அம்ப் தாங்காது. 10 ஓம் 10 வாற்ஸ் வயர்வவுண்ட் றெசிஸ்டர் ஒன்றைப் பின் ஸ்பீக்கரோடு தொடராகப் போடுங்கள், 4.2 ஓமுக்கு மேலே நிற்கும். பின்னுக்குச் சத்தம் குறையும், அது நல்லதுதான்.

இரண்டு, கார் செற்றிலும் இப்போது வரும் சின்ன டிஜிற்றல் அம்ப் போர்ட்டுகளிலும் இது வேலை செய்யாது. அவை பிரிட்ஜ் முறை. கறுப்பு முனையும் சிக்னல் ஓடும் முனைதான், கிரவுண்ட் அல்ல. கட்டாதீர்கள்.

யூன் 13

இல்லை, பானை உடையவில்லை. இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் இப்போது அரிசி.

யூன் 22

பின்னுக்கு அனுப்பும் ஒலியைக் கொஞ்சம் பிந்தி அனுப்பவேண்டும் என்று கேள்விப்பட்டேன், ஏன் என்று ஒருவர் கேட்கிறார். எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். சந்திவரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். வயர் வழியே எல்லாக் குழாய்க்கும் ஒரே கணத்தில் போய்விடும், ஆனால் காற்றில் 100 மீற்றர் வர, நம்முடைய வெக்கைக்கு, 0.29 செக்கன் எடுக்கும். சந்தியில் நிற்கிறவனுக்குப் பக்கத்துக் குழாய்தான் முதலில் கேட்கும். ஆகவே தேவாரம் கோயிலிலிருந்து வருவதாக அவனுக்குத் தோன்றாது, தலைக்கு மேலே உள்ள மரத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றும். முதலில் வந்த ஒலியின் பக்கமே காது திரும்பும். 1949 இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜேர்மானியர் இதை அளந்து எழுதினார். சில பத்து மில்லிசெக்கனுக்குள் பிந்தி வருவதைக் காது தனி ஒலியாகப் பிரிக்காது, முதல் வந்ததோடு சேர்த்துவிடும். அதற்கு மேலே பிந்தினால் எதிரொலி.

வீட்டில் பின் ஸ்பீக்கர் கதிரைக்குக் கிட்ட இருக்கும். கழித்தல் எவ்வளவு திறமாக இருந்தாலும் முன்னால் உள்ள குரலில் கொஞ்சம் பின்னுக்குக் கசியும். பின்னதை 20 மில்லிசெக்கன் பிந்த விட்டால், கசிந்த குரலையும் காது முன்னுக்கே கொண்டுபோய் வைத்துவிடும். 1982 இல் வீடுகளுக்கு வந்த டொல்பி சரவுண்டும் இதைத்தான் செய்தது.

நான் பி.ரி. 2399 என்ற எக்கோ ஐ.சி.யில் செய்தேன். கரோக்கி மிக்சர்களில் கிடக்குமே, அதே சாமான். 20 மில்லிசெக்கனுக்கு வைத்திருக்கிறேன்.

யூன் 23

பிழை பிடித்துவிட்டார்கள். பி.ரி. 2399 ஏறக்குறைய 30 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காது. ஆறாம் காலில் உள்ள றெசிஸ்டரைக் குறைக்கக் குறைக்கத் தாமதம் குறையும், ஆனால் சுழிக்குக் கொண்டுபோனாலும் அவ்வளவுதான். இன்னொன்று, அந்த றெசிஸ்டர் மிகக் குறைவாக இருந்தால் சுவிட்ச் போடும்போது ஐ.சி. இறுகிப்போய் நிற்கும், ஒன்றும் வராது. என்னுடையது சில நாட்களில் பின்னுக்குப் பாடும், சில நாட்களில் பாடாது. மூன்று வருடமாக ஆர்.சி.ஏ. சொக்கற்றைத்தான் குறை சொல்லி, இரண்டு தரம் மாற்றியும் இருக்கிறேன்.

இன்று 2 கிலோ ஓம் போட்டேன். ஒவ்வொரு முறையும் எழும்புகிறது. ஆனால் தாமதம் 50 மில்லிசெக்கன் பக்கம் போய்விட்டது. நாதஸ்வரத்துக்குப் பரவாயில்லை. தவில் இரண்டு தரம் அடிக்கிறது.

யூன் 30

12ஆம் திகதி பிரிட்ஜ் அம்பைப் பற்றி எழுதியதை மின்சாரம் படித்த ஒருவர் மறுத்தார். கோபம் வந்தது. பேப்பரில் கீறிப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. பிரிட்ஜில் சிவப்பு முனையில் பாதிச் சிக்னல், கறுப்பில் தலைகீழான மற்றப் பாதி. இரண்டு சிவப்புக்கும் நடுவில் ஸ்பீக்கர் கட்டினால் கழித்தல் வரத்தான் செய்யும், பாதி உயரத்தில். "வேலை செய்யாது" என்றது பிழை. ஆபத்து வேறெங்கோ: பின் ஸ்பீக்கருக்கு வொலியூம் வைக்கிறேன் என்று ஒரு முனையைக் கறுப்போடு சேர்ப்பது, இரண்டு கறுப்பையும் ஒன்றாக முறுக்குவது, கறுப்பைப் பெட்டியின் தகரத்தில் தொடவிடுவது. அம்பைச் சாகடிப்பது அவைதான். கட்டாதீர்கள் என்பதை மட்டும் நான் மாற்றவில்லை.

யூலை 6

கோண்டாவில் தம்பி போர்ட்டை ஒதுக்கிவிட்டுத் தானே செய்யத் தொடங்கிவிட்டார். "பின்னுக்கு ரி.டி.ஏ. 2030 அம்ப் ஐ.சி. இரண்டு போட்டேன், சுவிட்ச் போட்டதும் இரண்டும் வெடிச்சிட்டுது" என்று படம் அனுப்பியிருக்கிறார். ஒன்றின் நெற்றியில் துளை. முதல் கேள்வி: என்ன ரான்ஸ்போமர்? பதினெட்டு சைபர் பதினெட்டு.

தம்பி, 18 என்பது ஏ.சி. கணக்கு. 1.414 ஆல் பெருக்கி டயோட்டுக்கு முக்கால் வோல்ற்றைக் கழித்தால் 24 முக்கால். 2030 இன் உச்சம் கூட்டல் கழித்தல் 18. பன்னிரண்டு சைபர் பன்னிரண்டு எடுத்தால் 16 சொச்சம் வரும். அதிலும் சின்ன ரான்ஸ்போமர் சுமையில்லாமல் 13, 14 காட்டும், அப்போது 18ஐத் தொட்டுவிடும். வாங்கிய ரான்ஸ்போமரை வீணாக்க விருப்பமில்லையென்றால் எல்.எம். 1875 போடும், அது 30 வரை தாங்கும்.

நான் இதில் சிரிக்கக்கூடாது. என் முதல் 2030 வெடித்தது வோல்ற்றால் அல்ல. அதன் உலோக முதுகு கிரவுண்ட் என்று நினைத்து கரண்ட் கடத்தாத மைக்காத் தகடு இல்லாமல் ஹீற் சிங்கில் முறுக்கினேன், ஹீற் சிங்கை பிஸ்கட் ரின்னில் முறுக்கினேன், ரின் கிரவுண்டில். அந்த முதுகு மைனஸ் சப்ளையோடு உள்ளே சேர்ந்தது. சுவிட்ச் போட்டேன். அம்மா குசினியிலிருந்து "என்ன கருகுது" என்றார். சோறு என்று சொல்லித் தப்பினேன். அன்று எங்கள் வீட்டில் புட்டு.

யூலை 7

இரைச்சல் பற்றி ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக. ஆழமான "ம்ம்ம்" என்றால் 50 ஹேர்ட்ஸ்: கிரவுண்ட் வளையம், அல்லது ரான்ஸ்போமருக்குப் பக்கத்தால் போகும் சிக்னல் வயர். கரகரத்த "ர்ர்ர்" என்றால் 100 ஹேர்ட்ஸ்: ஏ.சி.யை டி.சி. ஆக்கும் றெக்ரிஃபயரிலிருந்து. அநேகமாக, பெரிய கொண்டன்சர் சார்ஜ் ஆகும் வயரிலேயே சிக்னல் கிரவுண்டையும் பற்றவைத்திருப்பீர்கள். கொண்டன்சர் இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்து ஒரு புள்ளி வையுங்கள், எல்லாக் கிரவுண்டும் அங்கே வரட்டும். லப்ரொப் சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதென்றால் அது வளையம், நடுவில் ஒன்றுக்கு ஒன்று ஓடியோ ரான்ஸ்போமர் போடலாம். பிளக்கின் ஏர்த் காலை வெட்டுவது தீர்வு அல்ல. வெட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

யூலை 20

இன்று கோண்டாவிலுக்குப் போனேன். எல்.எம். 1875 இரண்டும் சூடில்லாமல் ஓடுகின்றன. கழிப்பதற்கு 4558 என்ற ஒப் அம்ப் ஐ.சி. ஒன்றும் நாலு 10 கிலோ ஓம் றெசிஸ்டரும். றெசிஸ்டர் 5 வீதப் பொதியிலிருந்து எடுத்ததால் குரல் பின்னுக்கு நன்றாகக் கசிந்தது. கணக்குப் பார்த்தால் 5 வீதத்தில் மோசமான நிலையில் 20 டெசிபெல்தான் கழியும், 1 வீதத்தில் 34. கடைக்கு ஓடத் தேவையில்லை. பொதியில் இருந்த ஐம்பதையும் மீற்றரில் அளந்து, ஒரே எண் காட்டிய நாலைப் பொறுக்கினோம். பின்னேரம் முழுக்க அதிலேயே போனது. தம்பியின் தங்கச்சி எண்களை எழுதினா.

பிறகு அப்பா தன் கசெட்டுகளைக் கொண்டுவந்தார். இதில்தான் எனக்கு ஒரு பாடம். மோனோப் பாட்டு, பின் ஸ்பீக்கர் ஊமையாக இருக்கவேண்டும், நான்தானே இங்கே பெரிதாக எழுதினேன். ஊமையாக இல்லை. சொற்களின் "ச" "ஸ" மட்டும் பின்னால் துப்பிக்கொண்டிருந்தன. வாயில்லாத ஒருவர் பின்னால் உட்கார்ந்து சீறுவது மாதிரி.

காரணம் ரேப்பின் ஹெட். அது ஒரு மயிரிழை சரிந்திருந்தால் இடது தடமும் வலது தடமும் ஒரே கணத்தில் படாது. ஆழ்ந்த ஒலிக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமில்லை, கூரிய ஒலிக்கு அது அரை அலை. கழிபடவேண்டியது கூடிவிடும். ஹெட்டின் பக்கத்துத் திருகாணியை அரைச் சுற்றும் இல்லை, கால் சுற்றுக்குள் திருப்ப, பின்னால் சீறல் மெலிந்து மெலிந்து ஏறக்குறைய நின்றது. ஹெட் சரிசெய்ய இதைவிட நல்ல மீற்றர் எனக்குத் தெரியாது: பின் ஸ்பீக்கர் எப்போது வாயை மூடுகிறதோ அப்போது திருகாணி சரி. அடுத்த கசெட்டில் திரும்பவும் சீறியது. அது வேறு மெஷினில் பதிந்தது.

டொல்பி சரவுண்டில் பின் ஒலியை 7 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டியதன் தேவை இப்போதுதான் காதால் புரிந்தது. இதுவரை அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

யூலை 21

நேற்று எழுத மறந்தது. யூடியூப்பிலிருந்து யாரோ இறக்கிக் குறைந்த பிற்றேற்றில் எம்பி3 ஆக்கிய பாட்டுகள் பின் ஸ்பீக்கரில் தண்ணீருக்குள் பாடுவது போலக் கேட்டால், உங்கள் சேர்க்கிட்டைத் தேடி அலையவேண்டாம். சுருக்கும்போது நடுவை நன்றாக வைத்துக்கொண்டு வித்தியாசத்தில்தான் கைவைப்பார்கள். முன்னால் அது மறைந்துவிடும். பின் ஸ்பீக்கரில் மறைய இடமில்லை.

ஓகஸ்ட் 18

நல்லூர்த் திருவிழாவுக்குச் சொந்தக்காரர் வந்து வீடு நிறைந்திருக்கிறது, ஈயம் பற்றவைக்க மேசை இல்லை. அதனால் லப்ரொப்பில் வேலை. ஏ.டி.ஏ.யு. 1701 என்ற, ஒலியை எண்ணாக்கிக் கணக்குப் போடும் டி.எஸ்.பி. போர்ட் ஒன்று சொல்லி வைத்துப் புறக்கோட்டையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது. உள்ளே இரண்டு வழி, வெளியே நாலு வழி. தாமதத்துக்கு உள்ள நினைவகம் 2048 சொல், 48 கிலோ ஹேர்ட்ஸில் 42.7 மில்லிசெக்கன். எனக்கு வேண்டிய 20க்கு 960 போதும். தவில் ஒரு தரம் அடிக்கிறது. எட்டு வருடப் பி.ரி. 2399 பாசத்துக்கு முடிவு.

அதோடு நின்றிருக்கலாம். வெறும் கழித்தலில் பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு இடையில் 3 டெசிபெல் பிரிவுதான், 1987 இன் டொல்பி புரோ லொஜிக் அதைத் தாண்டியது எப்படி என்று ஆசை வந்தது. எந்தத் திசையில் ஒலி பலமாக இருக்கிறது என்று பார்த்து, மற்றப் பக்கங்களிலிருந்து அதைக் கழித்துவிடும் முறை அது. நானும் எழுதினேன், அரைகுறையாக: நடு பலமானால் பின்னைக் குறை. பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடமெல்லாம் பின்னால் வயலின் கூட்டம் குபுக்கென்று எழும்பி, அவர் வாய் திறந்ததும் குனிந்தது. வேகத்தைக் குறைத்தால் பிந்தி எழும்புகிறது, கூட்டினால் துடிக்கிறது. மூன்று இரவு. கொழும்பிலிருந்து வந்த மச்சாள் "பாட்டுக்கு இழுப்பு வந்திட்டுதோ" என்று கேட்டா. அழித்துவிட்டேன். வெறும் கழித்தல், 20 மில்லிசெக்கன், 7 கிலோ ஹேர்ட்ஸ் வெட்டு.

செப்ரெம்பர் 7

கோண்டாவில் வீட்டிலிருந்து கடைசி முறைப்பாடு, இந்த முறை தம்பி அல்ல, அப்பா. விளக்கம் எல்லாம் அவருக்கு விளங்கியதாம். மோனோ, கழித்தல், எல்லாம். "அது சரி தம்பி, ஆனா நாலு ஸ்பீக்கர் வாங்கினது நான். என்ரை பாட்டுக்கு நாலும் பாடவேணும்."

மறுமொழி இல்லை. ஒரு சுவிட்ச் வைத்தோம். ஒரு பக்கம் கழித்தது, மற்றப் பக்கம் கூட்டியது, இரண்டு 10 கிலோ ஓமால் இடதையும் வலதையும் சேர்த்து. தங்கச்சி சுவிட்சுக்கு மேலே பேனையால் எழுதியிருக்கிறா: ஒரு பக்கம் "சரவுண்ட்", மற்றப் பக்கம் "அப்பா".

செப்ரெம்பர் 8

சுவிட்சை மாற்றும்போது "டொக்" என்று அடிக்கிறதாம். கொண்டன்சரின் ஒரு கால் காற்றில் தொங்குகிறது. இரண்டு பக்கத்திலும் 1 மெகா ஓம் கிரவுண்டுக்குப் போடும், நிற்கும்.

செப்ரெம்பர் 8, இரவு

நின்றுவிட்டதாம். சுவிட்ச் "அப்பா"வில்தான் கிடக்கிறதாம்.